முடி வளர எக்ஸோசோம் ஊசி போடலாமா?

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஒரு கிளினிக்கில் எக்ஸோசோம் ஊசி போடச் சொல்கிறார்கள். ஸ்டெம் செல்கள் அனுப்பும் ஆர்.என்.ஏ. அதில் இருக்கிறதாம், முடி வேருக்குப் போய் வேலை செய்யுமாம். செல்கள் நிஜமாகவே ஆர்.என்.ஏ.வைக் கட்டி அனுப்புமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அனுப்பும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆர்.என்.ஏ. என்பது ஜீன்களின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு. செல் வளர்ப்பு ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். செல்கள் அதைக் கட்டி அனுப்பும், எக்ஸோசோம் என்ற நுண்பைகள் எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால்தான் அந்த ஊசியைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

செல்லுக்குள் எண்டோசோம் என்று ஒரு பை உண்டு. அதன் சுவர் உள்பக்கமாகக் குழிந்து, துண்டுபட்டு, குட்டிப் பைகளாக உள்ளேயே விழும். மாதுளைக்குள் முத்துகள் மாதிரி அவை நிறைந்த பிறகு, பெரிய பை செல்லின் வெளிச் சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ளும். வெளியே கொட்டும் குட்டிப் பைகள்தான் எக்ஸோசோம்கள். குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). செல்லின் வெளிச் சவ்விலிருந்தே நேரடியாகப் பிதுங்கிக் கிளம்பும் பைகளும் உண்டு, அவை பெரும்பாலும் இன்னும் பெரியவை.

1983-ல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டனும் அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்டாலும் தனித்தனியே, முதிராத சிவப்பணுக்கள் தமக்கு வேண்டாத புரதங்களை இப்படி வெளியே தள்ளுவதைப் பார்த்தார்கள். அதன் பிறகு வெகுகாலம் இதைச் செல்லின் குப்பை என்றே பலரும் நினைத்தார்கள்.

2007-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஹாதி வலாதியும் யான் லோட்வாலும் செய்த சோதனை அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. எலியின் மாஸ்ட் செல்கள் (ஒரு வகை நோயெதிர்ப்பு செல்கள்) வெளியிட்ட எக்ஸோசோம்களில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியைச் சேர்த்தார்கள். வெறும் ஆர்.என்.ஏ. என்றால் சிதைந்திருக்கும். பைக்குள் இருந்தது தப்பியது. உள்ளே புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்-ஆர்.என்.ஏ. சுமார் 1,300 ஜீன்களுக்கு இருந்தது, ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் இருந்தன. அப்புறம் அந்த எலிப் பைகளை மனித மாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தார்கள். மனித செல்லுக்குள் எலியின் புரதங்கள் தென்பட்டன! அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்றும் குறையவில்லை.

கைக்கு வந்ததை எல்லாம் செல் உள்ளே திணித்துவிடுவதும் இல்லை. சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஜி-ஜி-ஏ-ஜி என்ற நான்கெழுத்து வரிசை இருக்கும். எச்.என்.ஆர்.என்.பி.ஏ2பி1 என்ற புரதம் அதைப் பிடித்துப் பைக்குள் சேர்க்கிறது என்று 2013-ல் ஸ்பெயினில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். நோபல் பரிசு பெற்ற ராண்டி ஷெக்மனின் குழு ஒய்.பி.எக்ஸ்.1 என்ற இன்னொரு புரதத்தைக் கண்டது. எல்லா ஆர்.என்.ஏ.வுக்கும் பொருந்தும் ஒரே விதி இதுவரை கிடைக்கவில்லை.

சரி, உள்ளே எவ்வளவு இருக்கிறது? என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2014-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் முனீஷ் தெவாரியின் குழு எண்ணிப் பார்த்தது. நிறையக் கிடைக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரேயொரு பிரதியைப் பார்க்கவே சராசரியாக நூறு எக்ஸோசோம்களுக்கு மேல் தேட வேண்டியிருந்தது. அப்படியே பை போய்ச் சேர்ந்தாலும், பெறும் செல் பெரும்பாலானவற்றை லைசோசோம் என்ற தன் செரிமானப் பைக்கு அனுப்பிச் செரித்துவிடுகிறது. சிறு பங்குதான் தப்பித்து செல்லின் உள்ளே வேலை செய்யக்கூடிய இடத்துக்கு வருகிறது.

பிரித்தெடுப்பதும் லேசான வேலை இல்லை. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் சுழற்றினாலும், குழாயின் அடியில் படிவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அது எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் என்று தெரிய, சுழற்றுவதற்கு முன்பே குழாயின் வெளிப்பக்கத்தில் பேனாவால் குறி போட்டுவைப்போம். வளர்க்கும் செல்களுக்கு ஊட்டும், மாட்டுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்திலும் நுண்பைகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே நீக்காவிட்டால் கிடைத்தது யாருடைய ஆர்.என்.ஏ. என்று சொல்ல முடியாது. ஆய்வகத்திலேயே இத்தனை கவனம் தேவைப்படும் ஒரு பொருள், கிளினிக்கின் குப்பியில் எந்த அளவில், எவ்வளவு சுத்தமாக இருக்கும்?

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று விற்கப்பட்ட, அனுமதி பெறாத பொருளைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருந்தது.

ஆகவே இந்த ஊசியை உங்கள் மகளுக்குப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்குவது மிகச் சாதாரணம். கர்ப்பத்தின்போது உதிராமல் நின்ற முடி இப்போது சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலானோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டித் தானாகவே பழையபடி வளர்ந்துவிடும். ஒரு தோல் மருத்துவரைப் பார்த்து, இரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசிக்கு எடுத்துவைத்த பணத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம்.