80 பிள்ளைகளோடு எழும்பூர் மியூசியம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: பல்லாவரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். முன்பு வேறோர் இடத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினோம். மறுநாள் வகுப்பில் கேட்டால், பஸ்ஸில் பாடிய பாட்டைத் தவிர யாருக்கும் எதுவும் நினைவில்லை. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: டீச்சர், முழு மியூசியத்தையும் பார்க்கப் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. 16 ஏக்கருக்கு மேல் பரந்த வளாகம், தனித்தனிக் கட்டடங்கள், கல்வெட்டு முதல் காசு வரை கூடம் கூடமாகப் பொருள்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பிள்ளைகள் எந்தப் பொருளையும் பார்க்க மாட்டார்கள், முன்னால் போகிறவன் முதுகைத்தான் பார்ப்பார்கள். மூன்றே மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். இவ்வளவு போதும். மற்றதை விட்டுவிட்டு வருவதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். பார்க்காமல் விட்டது அங்கேயேதான் இருக்கும், பிடித்துப்போன பிள்ளை அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு மறுபடி வரும்.

உங்கள் பள்ளிக்கு முதல் இடம் கற்கருவிகள்தான். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கிய நாளாக அதைச் சொல்வார்கள். அவர் அதை எடுத்தது உங்கள் பல்லாவரத்தில், ராணுவப் பயிற்சித் திடலை ஒட்டிய சரளைக் குழியில். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது. ஃபுட் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய கருவிகளை 1904-ல் சென்னை மியூசியம் விலைக்கு வாங்கியது. தான் தினமும் நடக்கிற ஊரிலிருந்து வந்த கதை என்று தெரிந்தால் ஏழாம் வகுப்புப் பையன் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும் விதமே வேறு. போவதற்கு முன்பே இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருங்கல்லைக் கொடுத்து, "பிடி கிடையாது, இதை வைத்து எலும்பை உடைக்க வேண்டும், எப்படிப் பிடிப்பாய்?" என்று கேளுங்கள். அங்கே போனதும் கருவியின் எந்தப் பக்கம் கைக்கு, எந்தப் பக்கம் வேலைக்கு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது, செப்புத் திருமேனிகள் உள்ள கூடம். பிற்காலச் சோழர் பாடம் ஏழாம் வகுப்பில் வருகிறது, அதனால் இதை விடவே கூடாது. ஆனால் இருபது சிலைகளை அல்ல, ஒன்றிரண்டை. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். விளக்கம் சொல்லத் தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் எல்லோரையும் பேசாமல் பார்க்கவிடுங்கள். அப்புறம் கேள்விகள்: எந்தக் கால் ஊன்றியிருக்கிறது? காலடியில் யார்? பக்கத்துச் சிலைகளின் பீடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் துளையோ வளையமோ இருக்கும். அது எதற்கு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாடு பார்த்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும், தண்டு கோத்துத் தூக்குவதற்கென்று அதுவே சொல்லிவிடும். உற்சவர் என்றால் என்ன என்பது அந்த ஒரு பதிலிலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும்.

வார்ப்பு முறையை முதல் நாளே காட்டிவிடலாம். களிமண்ணில் ஒரு சாவியை அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் மெழுகுவர்த்தியை நீங்களே சொட்டவிடுங்கள். ஆறியதும் சாவி மெழுகில் வந்துவிடும். சிற்பிகள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். முதலில் முழுச் சிலையையும் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், ஆகவே ஓர் அச்சில் ஒரு சிலைதான். இது தெரிந்த பிள்ளை நகைகளின் நுணுக்கத்தை அருகில் போய்ப் பார்க்கும். அருகில் போகலாம், தொடக் கூடாது. விரல் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அதட்ட வேண்டிய தேவை குறையும்.

மூன்றாவது, திமிங்கில எலும்புக்கூடும் பாடம் செய்த விலங்குகளும். இது பிள்ளைகளின் சந்தோஷத்துக்காக. ஒரு வீட்டுப்பாடம் வேண்டுமானால், தாத்தா பாட்டிக்கு "செத்த காலேஜ்" பற்றித் தெரியுமா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பழைய சென்னைவாசிகள் மியூசியத்தை அப்படித்தான் அழைத்தார்கள். உயிரியல் பூங்கா "உயிர் காலேஜ்".

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். காலை 9.30-க்குத் திறப்பார்கள், 10 மணிக்குள் அங்கே இருந்தால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். பள்ளியின் கடிதத் தாளில், நாள், நேரம், மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை குறிப்பிட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மாணவர் கட்டணம், அன்றைக்கு எந்தக் கூடங்கள் திறந்திருக்கும், விளக்கம் சொல்ல ஊழியர் வருவாரா, நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படி இல்லாத வழி எது ஆகியவற்றைப் போனிலும் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் கையில் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது.

முடிந்தால் நீங்களும் இன்னோர் ஆசிரியரும் ஒரு நாள் தனியாகப் போய்வாருங்கள். கழிப்பறை, குடிநீர், சாப்பிட உட்காரும் நிழல், பஸ் நிற்கும் இடம், இந்த நான்கையும் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு நேராக எலெக்ட்ரிக் ரயில் இருக்கிறதே என்று தோன்றும். செலவும் குறைவுதான். ஆனாலும் 80 பேரை அந்தச் சில நொடி நிறுத்தத்தில் ஏற்றி இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் பிடியுங்கள்.

இருபது இருபதாக நான்கு குழு, குழுவுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர். ஆசிரியர்கள் போதாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து அம்மாக்களைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்கள். மூன்று குழுக்கள் மூன்று இடங்களில் இருக்கும்போது நான்காவது குழு வெளியே நிழலில் உட்கார்ந்து வரையட்டும், தண்ணீர் குடிக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை இடம் மாற வேண்டியதுதான். பிள்ளைகளை ஜோடி சேர்த்துவிட்டால் ஆள் குறைந்தால் ஜோடியே குரல் கொடுக்கும். கழுத்து அட்டையில் பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் குழு ஆசிரியரின் போன் எண்ணும் போதும். முதலுதவிப் பையில் நாப்கினும், வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கவரும் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ நல்லது, வெயிலில் தயிர்ச்சாதம் புளித்துவிடும். அன்றைக்குப் பள்ளியில் 80 பேர் சாப்பிட மாட்டார்கள் என்பதைச் சத்துணவு அமைப்பாளரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள்.

நோட்டில் விளக்கப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். எழுத ஆரம்பித்தால் தலை பொருளின் பக்கம் திரும்பாது. ஆளுக்கு ஒரு பொருள், ஒரு படம், மூன்று கேள்வி: எதனால் செய்தது? யார் கையில் இருந்திருக்கும்? எப்படி இங்கே வந்து சேர்ந்தது? மூன்றாவதற்கு அங்கேயே பதில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மறுநாள் வகுப்பில் பேசலாம். கோயில் நிலத்திலும் வயலிலும் புதைந்து கிடந்து, புதையல் சட்டப்படி அரசிடம் வந்த சிலைகள் நிறைய. மண்ணில் ஏதாவது கிடைத்தால் தாசில்தார் அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்த வாரம் வகுப்பிலேயே ஒரு மேசை போடுங்கள். வீட்டிலிருந்து நெல் அளக்கும் மரக்கால், அரிக்கேன் விளக்கு, பித்தளைச் செம்பு என்று ஆளுக்கு ஒரு பழைய பொருள் வரட்டும். அதே மூன்று கேள்விக்கும் பாட்டியிடம் பதில் கேட்டு, நான்கு வரியில் அட்டை எழுதி அதன் அருகே வைக்கட்டும். யார் வீட்டுப் பொருள், என்றைக்கு வந்தது, என்றைக்குத் திரும்பியது என்று ஒரு பதிவேடு போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பிள்ளைகளை நியமியுங்கள்.