பதினெட்டு லட்ச சீட்டும் பழைய ஃபியட் சைலன்ஸரும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் 58 சதவீதம். நவி மும்பைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, நான்கு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 18 லட்சம் கேட்கிறார்கள். பையனோ ஞாயிறு முழுக்க ஆன்டாப் ஹில்லில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு கராஜில் கிடக்கிறான். பழைய வண்டிகளுக்கு எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் பைப்பும் சைலன்ஸரும், செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை என்கிறானாம். சென்னையில் இருக்கும் பெரியப்பா போனில், "வெல்டருக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்று கேட்டுவிட்டார். "நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியது பையனிடம் இல்லை.

முதலில் பணம். 18 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கினால், முழுத் தொகையும் எடுத்த பிறகு வருட வட்டி மட்டும் ஏறக்குறைய 2 லட்சம். மாதம் 16,500. கோடிங் பக்கமே திரும்பாத பையன் நாலு பேப்பர் அரியர் வைத்தாலும் அந்த வட்டி நிற்காது. உங்கள் வீட்டுக்காரருக்கு ரிட்டயர் ஆக ஆறு வருடம்தான் என்கிறீர்கள். கடன் அதைத் தாண்டி ஓடும். பெரியப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் கடன் பாக்கியையும் விசாரிப்பார்கள்.

பாலிடெக்னிக், பி.சி.ஏ., பி.காம். பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். பையன் கேட்பதைப் பார்ப்போம்.

புல்லட் சைலன்ஸரைக் கழற்றிவிட்டுத் தெருவை அதிரவைக்கும் வேலை இல்லை இது. அதற்குப் போலீஸ் அபராதம்தான் கிடைக்கும். இங்கே சத்தம் அடங்க வேண்டும், தோற்றம் அந்தக் காலத்து மாதிரியே இருக்க வேண்டும். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, எஞ்சினும் சேசிஸும் (அடிச்சட்டம்) பாடியும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000, நம்பரில் 'விஏ' என்று வரும். எனவே சேசிஸில் புதிதாகத் துளை போடுகிறவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான். பழைய துளைகளிலேயே பைப்பைத் தொங்கவிடத் தெரிய வேண்டும்.

குர்லாவில் தயாரான ஃபியட் 1100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியது அதே வண்டிதான். பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு மும்பைத் தெருவைவிட்டுப் போய்விட்டன. டாக்ஸியை நம்பி ஓடிய உதிரிபாக வியாபாரமும் அதோடு சுருங்கத்தான் செய்யும். அப்புறம் செய்துதான் போட வேண்டும்.

பைப் எவ்வளவு பருமன்? எஞ்சின் 1089 சி.சி. நிமிடத்துக்கு 4,800 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம் நிமிடத்துக்கு 2,400 தடவை காற்றை நிரப்பும். எண்பது சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் ஏறக்குறைய 2,090 லிட்டர். வெளியே வரும்போது சூட்டில் இரண்டரை மடங்கு விரியும். நொடிக்கு 87 லிட்டர். உள்விட்டம் 35 மி.மீ. பைப்பில் இது நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போகும், அது சரி. "பெரிசா போடுப்பா" என்று ஓனர் சொன்னார் என்று 50 மி.மீ. போட்டால் வேகம் 44 மீட்டராகப் பாதிக்குக் கீழே இறங்கும். புகை மந்தமாகி, கீழ் கியரில் வண்டியின் இழுவை குறையும், சத்தமும் தகர டப்பா மாதிரி ஆகும். இந்தக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்தான். உங்கள் பையன் பரீட்சையில் கோட்டை விட்டதும் இதே பாடமாக இருக்கலாம். கராஜில் போடச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது விரிவு. இரண்டரை மீட்டர் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் 250 டிகிரி சூடேறினால் ஏழரை மி.மீ. நீளும், 304 ரக எஸ்.எஸ். (எவர்சில்வர்) என்றால் பத்து மி.மீ.க்கு மேல். கிளட்ச் விடும்போது எஞ்சினும் ரப்பர் மவுன்ட்டில் சாயும். இரண்டு முனையையும் இறுக்கிப் போல்ட் போட்டால் பிராக்கெட் வெல்டிங்தான் முதலில் விரிசல் விடும். பைப்பைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர் அதற்காகத்தான். எஞ்சினோடு பைப் சேரும் மேனிஃபோல்டின் ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்) பித்தளை நட் போட வேண்டும். இரும்பு நட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அடுத்தமுறை கழற்றும்போது ஸ்டட்டே முறியும்.

பைப் முனையில் வரும் இணைப்புத் தகடான ஃபிளாஞ்சைத் தனியாக வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் வளைந்து புகை கசியும். தடித்த தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு வைத்து, ஆறின பிறகே கழற்ற வேண்டும். எஸ்.எஸ். பைப்பென்றால் உள்ளேயும் ஆர்கான் வாயு விட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாகி அந்த இடத்திலேயே உடையும். மலிவென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைத் தொடவே கூடாது. துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். டெயில் பைப் பாடி விளிம்பைத் தாண்டி நீள வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, காருக்குள் புகுந்தால் தெரியாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வரும். வாரம் ஒருநாள் பத்து நிமிடம் ஓடும் வண்டியில் அது முழுக்க வெளியேறாமல் சைலன்ஸரிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். தண்ணீர் வடிய சைலன்ஸரின் அடிப்புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று போதும். இதை மறந்துவிட்டுக் கடல் காற்றைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

படிப்பு: அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு, ஒரு வருடம். குர்லா, லோயர் பரேல், முலுண்ட் எல்லாம் உங்களுக்கு லோக்கல் டிரெயின் தூரம்தான். எட்டாம் வகுப்பே போதும் என்பதால் மார்க் பிரச்சினை இல்லை. ஆர்க், கேஸ், மிக், டிக் என்ற நான்கு வெல்டிங் முறைகளும் பாடத்திட்டத்தில் உண்டு. அடுத்த வருடம் ஷீட் மெட்டல் ஒர்க்கர் படித்தால் தகட்டில் கூம்பை விரித்து வரையக் கற்கலாம். சைலன்ஸர் செய்ய அது கட்டாயம் வேண்டும். கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். மெஷினுக்கும் அவசரமில்லை. எஃகுக்கு டி.சி. (நேர் மின்னோட்டம்) டிக் மெஷின் போதும், அலுமினியத்துக்குத்தான் ஏ.சி. (மாறு மின்னோட்டம்) வேண்டும், கடைக்காரர் விலை கூடியதைத் தள்ளப் பார்ப்பார்.

கண் போய்விடும் என்ற பயம் நியாயமானது. தானாகக் கறுக்கும் ஹெல்மெட், புகை உறிஞ்சும் ஃபேன், முழுக்கைப் பருத்திச் சட்டை இல்லாத கராஜில் அவனை விடாதீர்கள். முதல் இரண்டு வருடம் கூலி குறைவு; பெரிய கார் வைத்திருப்பவர்கள் பாக்கியும் வைப்பார்கள். வேலைக்கு முன்னாலேயே பொருள் விலையை வாங்கிவிடப் பழக்குங்கள்.

வருகிற ஞாயிறு பையன் ஒரு தாளில் மூன்று அளவு எடுத்து வரட்டும்: ஸ்டட் இடைவெளி, சேசிஸில் உள்ள பழைய ஹேங்கர் துளைகளின் தூரம், பிரேக் பைப்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே உள்ள சந்து. தாளை எனக்கு அனுப்புங்கள். அதுவரை கல்லூரிக்கு டோக்கன் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.