ராக்கியின் பற்கள்

அன்புள்ள அண்ணா,

13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து அவர்களைக் கேட்கத் தொடங்கினேன். எல்எஸ்டி என்ற போதைப்பொருள் இல்லாமல் இந்த இசை பிறந்திருக்குமா? பாடகர் ராக்கி எரிக்சனின் பைத்தியம்தானே அவருடைய மேதைமை? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?
ச., திருச்சி

அன்புள்ள ச.,

1966இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்குங்கள். குழுவின் டாமி ஹால் ஒரு ஜாடியையும் மைக்கையும் வாயருகே பிடித்துக்கொண்டு எழுப்பும் அந்தக் குடுகுடு சத்தம் முதலில் எரிச்சலூட்டும், நாலாவது பாட்டில் அதைத்தான் தேடுவீர்கள். எல்எஸ்டி கேள்வியை விடுங்கள். அதை விழுங்கியவர்கள் எத்தனையோ பேர், அந்தக் குரல் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஆனால் "பைத்தியம்தானே மேதைமை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 1968லேயே ராக்கிக்கு மனச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் ஆஸ்டினில் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோடு பிடிபட்டார். சிறையிலிருந்து தப்பிக்க மனநிலை சரியில்லை என்று வாதாடப்போய் கடைசியில் டெக்சாஸின் ரஸ்க் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள், மின் அதிர்ச்சி, தோரசின் என்ற மனநோய் மருந்து, 1972 வரை. குழுவும் அதோடு முடிந்தது. இதில் மேதைமை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் சின்ன மாமா புல்லாங்குழல் வாசிப்பார். அவருக்கும் காதில் குரல்கள் கேட்டன. ஊர் அவரைச் சித்தர் என்றது, திண்ணையில் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, மூன்று ராத்திரி அவர் முனகிக்கொண்டு கிடந்தபோது கும்பிட்டவர்களில் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. பாட்டிதான் கிராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, சித்தருக்கு எதற்கு டாக்டர்?

ராக்கிக்கும் பல்லெல்லாம் கெட்டுப்போயிருந்தது. ரசிகர்கள் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான். 2001இல் தம்பி ஸம்னர், அப்போது பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவில் டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசித்துக்கொண்டிருந்தவர், சட்டப்படி பொறுப்பேற்று, மருந்துக்கும் பல்லுக்கும் வழிசெய்தார். அப்புறம்தான் ராக்கி மறுபடி மேடையில் நின்று பாடினார். 2015இல் ஆஸ்டினில் எலிவேட்டர்ஸ்கூட ஒருமுறை ஒன்றாக வாசித்தார்கள். தம்பி பார்த்துக்கொண்டதால் நடந்தது இது, பைத்தியத்தால் அல்ல. என் மாமாவுக்கு அப்படி ஒரு தம்பி இல்லை, நான் அப்போது பத்து வயதுப் பையன்.

முதல் ஆல்பம் முடிந்ததும் நேராக ராக்கியின் 2010 ஆல்பத்துக்கு வாருங்கள். அதன் முதல் பாட்டு ரஸ்க்கில் அடைபட்டிருந்தபோது பதிவானது. அதற்கடுத்து, அறுபது தாண்டிய அதே மனிதரின் குரல் வரும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.