அடி வாங்குன பையன் அடிக்கத்தான் செய்வானா?

கேள்வி: எங்க அக்கா பையனுக்கு 15 வயசு. அவங்கப்பா குடிச்சிட்டு வந்து பெல்ட்டாலயே விளாசுவாரு. ஸ்கூல்லயும் பெரிய பசங்க ரெண்டு வருஷமா இவன அடிச்சு காசு புடுங்கிட்டு இருந்திருக்காங்க, வாயத் தொறக்கல. போன வாரம் இவனே ஒரு சின்னப் பையன அடிச்சு செல்போன புடுங்கிட்டான்னு கேஸாகி இப்ப கூர்நோக்கு இல்லத்துல இருக்கான். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வருவாராம். வீட்டு விஷயத்த சொன்னா மானம் போயிடும்ங்கறா அக்கா. சொல்லலாமா? இவன் இனிமே இப்படித்தானா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சொல்லுங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன். அமெரிக்கால கேத்தி ஸ்பாட்ஸ் விடம்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், சின்ன வயசுல கொடுமைக்கோ கவனிப்பில்லாமலோ ஆளானதா கோர்ட்டுல நிரூபணமான 908 பிள்ளைங்களையும், அதே வயசு, அதே மாதிரி வசதியில வளர்ந்த வேற 667 பிள்ளைங்களையும் எடுத்து, பின்னாடி யார் யார் போலீஸ்ல மாட்டுனாங்கன்னு பாத்தாங்க. 1989ல வந்த முடிவு: 18 வயசுக்குள்ள கைதானவங்க கொடுமை பட்டவங்கள்ல 26 சதவீதம், மத்தவங்கள்ல 17. வித்தியாசம் இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த 26ஐ திருப்பிப் பாருங்க, கொடுமை பட்டதுல கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் அந்த வயசுல கைதே ஆகல. இன்னொண்ணு, அடியே படாம சோறு கவனிப்பு இல்லாம கிடந்த பிள்ளைங்களும் பின்னாடி வன்முறை கேஸ்ல கூடுதலா மாட்டிருக்காங்க. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொன்ன மகராசன் இதெல்லாம் பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு.

அடிபட்டுட்டே இருக்கறவனுக்கு யாராவது கைய தூக்குனாலே தன்னைத்தான்னு தோணும், முந்திக்குவான். இல்லன்னா பெரிய பசங்ககிட்ட இருந்து தப்பிக்க இன்னொரு கும்பலோட சேருவான், அந்தக் கும்பல் செய்றத இவனும் செய்யணும். உங்க பையன் எந்த வழியில போனான்னு எனக்குத் தெரியாது, அவன்கிட்டதான் கேக்கணும், திட்டாம.

இப்ப மானம் விஷயம். சின்னப் பசங்க கேஸ விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமத்துல ஒரு மாஜிஸ்திரேட்டும் ரெண்டு சமூக சேவகர்களும் இருப்பாங்க. பையன் யாரு, எந்த வீட்டுல வளர்ந்தான்னு அவங்களுக்குத் தெரியறது நன்னடத்தை அலுவலர் எழுதுற அறிக்கைலதான். நீங்க மறைச்சீங்கன்னா "நல்ல குடும்பம், பையன் மட்டும் கெட்டவன்"னு போயிடும். கவுன்சிலிங் பையனுக்கு மட்டுமில்ல, பெத்தவங்களுக்கும் சேத்து உத்தரவு போட முடியும். மச்சானுக்கு அதுதான் வேணும்.

அக்கா பயத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. வெளிய விட்டா பையனுக்கு ஆபத்துன்னு குழுமத்துக்குத் தோணுனா ஜாமீன மறுக்கலாம். அதனால "வீட்டுல இப்படி"ன்னு சொல்றப்பவே "அவன் என்கிட்ட இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்"னும் சொல்லிடுங்க, தகுந்த ஆள்கிட்ட ஒப்படைக்க சட்டத்துல இடம் இருக்கு. பெரியவங்க கோர்ட்டுக்கு மாத்திடுவாங்களோன்னு பயப்படாதீங்க, அது 16 வயசு தாண்டி கொடூரக் குற்றம்னா மட்டும்தான்.

முதல் தடவ ஆஜர்படுத்துன நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள அந்த அறிக்கை போகணும், பாதி நாள் போயிடுச்சு. அவர் வரட்டும்னு உக்காந்திருக்காம நாளைக்கே நீங்க போய் பாருங்க, அக்காவையும் கூட்டிட்டுப் போங்க.