குட்டை விமானத்துக்கு ஏன் பெரிய வால்? கானாடுகாத்தானில் கேட்ட கேள்விகள்

விமான வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஊர் திரும்பியவன் நான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முகப்பில் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும்.

ஒரே ரகத்தில் குட்டையான விமானத்துக்கு வால்துடுப்பு ஏன் உயரம், ஐயா? (கல்லூரி மாணவி)

இந்தத் தேக்குக் கதவைக் குடுமிப் பக்கம் (கதவு சுழலும் கீல் பக்கம்) கை வைத்துத் தள்ளிப் பாரம்மா, லேசில் நகராது. ஓரத்தில் தள்ளு, ஒரு விரல் போதும். புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால், மறுபக்க எஞ்சின் மூக்கைத் திருப்பிவிடும். அதை எதிர்ப்பது வாலில் செங்குத்தாக நிற்கும் வால்துடுப்பும், அதன் பின்னோரத்தில் இடவலம் அசையும் சுக்கானும். உடல் குட்டையானால் குடுமிக்குப் பக்கத்தில் தள்ளுகிற கதைதான். வால்துடுப்பின் பரப்பைக் கூட்டியாக வேண்டும். போயிங் 747-ஐச் சுமார் 14 மீட்டர் குறைத்து 747எஸ்பி செய்தபோது வாலை ஒன்றரை மீட்டர் உயர்த்தினார்கள். ஏர்பஸ் ஏ318-இன் வால், ஏ320-ஐவிட முக்கால் மீட்டர் உயரம். வேகம் பாதியானால் வாலின் விசை கால்பங்காகிவிடும். அதனால் மெதுவாக ஓடி எழும்பும் அந்தச் சில நொடிகளுக்கு அளவெடுத்த வாலை, விமானம் ஆயுள் முழுக்கச் சுமக்கிறது.

இன்னும் பெரிதாக வைத்தால் பாதுகாப்புத்தானே?

இல்லை. எடை, காற்றுத்தடை, எரிபொருள் எல்லாம் ஏறும். பக்கக்காற்று அடித்தால் பெரிய வால் மூக்கைக் காற்றின் பக்கமே இழுக்கும்.

நம்ம செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தில் ஏ320 இறங்குமா?

அது என் துறை இல்லை. விமான நிலைய ஆணையத்திடம் கேளுங்கள்.

எஞ்சின்களை வால் பக்கம் வைத்தால் சின்ன வால் போதுமே? (தேவகோட்டை அண்ணன்)

நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மூக்கைத் திருப்புவது குறையும், சரி.

அப்ப ஏன் வைப்பதில்லை?

வைத்தார்களே, டிசி-9 அப்படித்தான். ஆனால் கனம் பின்னால் போனால் எடைமையமும் பின்னால் போகும். வாலுக்கும் அதற்கும் உள்ள தூரம் குறையும். மறுபடி குடுமிக்கு வந்துவிட்டோம், அண்ணே! இறக்கையில் தொங்கும் எஞ்சினின் எடை, இறக்கை மேல்நோக்கி வளைவதையும் குறைக்கிறது. அண்ணன் ஒப்பவில்லை. அரைமணி நேரம் இதிலேயே போயிற்று.

பெரிய வால்தானே நல்லது?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். மேலே சொல்லிவிட்டேன்.

வால் ஒடிந்திருக்கிறதா?

2001 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு ஏ300 எழும்பிய சற்று நேரத்தில் விமானி சுக்கான் மிதியை இடமும் வலமும் மாறி மாறி முழுதாக மிதித்ததில் வால் கழன்றது. 265 பேர் இறந்தார்கள். வடிவமைத்த உச்ச பாரத்தைத் தாண்டிய பிறகுதான் ஒடிந்தது. விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: சுக்கான் மிதியை அப்படி மாற்றி மாற்றி உதைக்காதீர்கள்.