மிதிக்கும்போது மறந்துபோகிற உடை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "விடிந்ததும் நான் முதலில் தேடுவது என் பழைய சைக்கிள் ஜெர்ஸியைத்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள், ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் ஒருவர் ஓட்டுவதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: அக்கா, அப்படி என்ன ஜெர்ஸி அது? உங்களிடம் இருப்பதிலேயே பிடித்த சைக்கிள் உடை அதுதானா?

பதில்: அதேதான். கருநீலம். கம்பளி நூலும் செயற்கை இழையும் கலந்து பின்னியது, என்னிடம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கழுத்து ஜிப்பின் இழுப்பு எப்போதோ உடைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பழைய ஷூ லேஸ் துண்டை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கையுறை போட்ட விரலுக்கு இது நன்றாகவே பிடிபடுகிறது, மேடு ஏறும்போது கீழே பார்க்காமலே இழுத்து நெஞ்சு வரைக்கும் திறந்துவிடலாம்.

முதுகின் கீழ்ப்பக்கம் மூன்று பை. இடதில் போன், நடுவில் சுருட்டிய காற்றுத்தடுப்பு மேலாடை, வலதில் தின்பதற்கு ஏதாவது. எனக்கு வலது கைப்பழக்கம் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க அதுதான் வசதி. பை ஏன் முதுகில் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தடவை சட்டையின் முன்பையில் போனைப் போட்டுக்கொண்டு ஹேண்டில்பார் மேல் குனிந்து பாருங்கள். போன் தொங்கி ஆடும், எப்போது விழும் என்றே மனம் போய்க்கொண்டிருக்கும். முதுகில் வைத்தால் இடுப்பு மேல் பட்டையாக உட்கார்ந்துவிடுகிறது, பாரமே தெரியாது. ஒரு காலத்தில் பந்தயக்காரர்களின் ஜெர்ஸியில் நெஞ்சிலும் பை இருந்தது; போகப்போக அது காணாமல்போய், முதுகுப் பைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

கம்பளியை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், அது நனைந்தாலும் உடனே சில்லிட்டுப்போவதில்லை, நாற்றமும் சீக்கிரம் பிடிப்பதில்லை. முழுச் செயற்கை இழை ஜெர்ஸிகள் என்னிடம் நாலைந்து உண்டு, வெயில் நாளில் அவைதான் இதமாக இருக்கின்றன, வேகமாக உலர்கின்றன. ஆனாலும் கொடியில் தொங்குகிற வரிசையில் கை தானாகப் போவது இந்தக் கருநீலத்துக்குத்தான். வீடு திரும்பிக் கழற்றும்போது முதுகில் வெள்ளையாக ஒரு வளைகோடு தெரியும், வியர்வை காய்ந்த உப்பு. அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

கேள்வி: மேடம், எனக்கு 46 வயது. சைக்கிள் வாங்கிவிட்டேன். ஆனால் எல்லாரும் போடுகிற அந்த ஒட்டிப் பிடிக்கும் கறுப்பு ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூச்சமாக இருக்கிறது. அது கட்டாயமா? கேட்கத் தயக்கமாக இருக்கிறது, அதற்குள் உள்ளாடை போட வேண்டுமா?

பதில்: தயங்காமல் கேட்டது நல்லது சார், இதைக் கேட்காமலே ஒரு வருடம் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உள்ளாடை போடக் கூடாது. அந்த ஷார்ட்ஸின் பயனே அதில்தான் இருக்கிறது.

நான் முதன்முதலாக அறுபது கிலோமீட்டர் போனது ஜீன்ஸில். ஜீன்ஸின் கவட்டில் நான்கு தையல்கள் வந்து கூடுகிற ஒரு தடித்த முடிச்சு இருக்கிறது பாருங்கள், சரியாக உடம்பின் எடை சீட்டில் அழுந்துகிற இடத்துக்குப் பக்கத்தில். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 சுற்று. அத்தனை தடவையும் அந்த முடிச்சு தோலில் உரசுகிறது. மூன்றாவது மணி நேரத்தில் நான் சீட்டில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன். சைக்கிள் ஷார்ட்ஸில் அந்த இடத்தில் தையல்கள் வந்து சேர்வதில்லை, அதற்குப் பதில் மெத்தை போன்ற ஒரு பேடு வைத்திருக்கும். நடுவில் உள்ளாடை ஒன்றைப் போட்டால் மறுபடி ஒரு தையலை உள்ளே கொண்டுபோய் வைக்கிறீர்கள், ஈரமும் அங்கேயே தங்கும், அப்புறம் புண்தான்.

அந்தப் பேடுக்கு இன்றும் 'ஷாமி' என்று பெயர். ஐரோப்பிய மலைகளில் திரியும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. முன்பெல்லாம் அதன் மெல்லிய தோலைத்தான் உள்ளே வைத்துத் தைத்தார்கள். துவைத்துக் காயப்போட்டால் அட்டை மாதிரி விறைத்துவிடும் என்பதால் களிம்பு தடவி இளக்கிவிட்டுத்தான் போடுவார்கள். தோல் போய்ச் செயற்கைப் பஞ்சு வந்துவிட்டது, பெயரும் களிம்பும் மட்டும் தங்கிவிட்டன. இப்போது களிம்பைத் தடவுவது உரசலைக் குறைக்க. கறுப்பு நிறத்துக்கும் காரணம் உண்டு: தோல் சீட்டின் சாயமும் செயின் எண்ணெயும் பட்டால் வேறு எந்த நிறமும் தாங்காது.

ஒட்டிப் பிடிப்பதற்குக் காரணமான லைக்ரா இழையை 1958-ல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். சைக்கிளை மனத்தில் வைத்து அல்ல, பெண்களின் இறுக்கமான உள்ளாடைகளில் ரப்பருக்கு மாற்றாக. துணி தொடையோடு சேர்ந்தே நகர்ந்தால் தொடைக்கும் துணிக்கும் நடுவே உரசல் இருக்காது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

கூச்சத்துக்கு ஒரு வழி: மேலே தொளதொளப்பான ஒரு அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே பேடு வைத்தது இருக்கட்டும். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். தோள்பட்டை வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வயிற்றை அறுக்காது, குனியும்போது பின்பக்கம் இறங்காது. இரண்டு ஜோடி வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடவே கூடாது.

கேள்வி: சாதாரண பருத்தி டி-ஷர்ட் போதாதா? எதற்கு இத்தனை செலவு?

பதில்: அரை மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கனக்கும், ஒட்டும். மேடு ஏறும்வரை தெரியாது. உச்சியிலிருந்து இறங்கும்போது எதிர்க்காற்று அந்த ஈரத்தில் பட்டால்தான் நடுக்கம் எடுக்கும். மலைப் பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் நிற்கிறவர்களிடம் ஒரு செய்தித்தாளை வாங்கி ஜெர்ஸிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது பல காலத்துப் பழக்கம். நானும் செய்து பார்த்திருக்கிறேன், நான்கு மடிப்புத் தாள் அவ்வளவு காற்றைத் தடுக்கும் என்று செருகிப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

தொளதொளப்புக்கு இன்னொரு விலை உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைச் சமாளிக்கக் கால் தர வேண்டிய சக்தி எட்டு மடங்கு. அந்தக் காற்றை அதிகம் வாங்குவது சைக்கிள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிற நாம்தான். படபடவென்று அடிக்கிற சட்டை முதுகில் கட்டிய பாய்மரத் துணி மாதிரி.

கேள்வி: அக்கா, சைக்கிள்தான் பெண்களின் உடையையே மாற்றியது என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியை சொன்னார். அவ்வளவு பெரிய விஷயமா அது?

பதில்: பெரிய விஷயம்தான் தங்கை. 1880-களின் நடுவில் இரண்டு சக்கரமும் ஒரே அளவில், செயினோடு சைக்கிள் வந்தது. 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பெண்களும் ஏறி ஓட்டத் தொடங்கினார்கள். ஆனால் தரையைத் தொடுகிற பாவாடை செயினிலும் கம்பியிலும் சிக்கும், இறுக்கிக் கட்டிய மார்க்கச்சையில் மூச்சு விட முடியாது. அப்போதுதான் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற தொள கால்சட்டை வெளியே வந்தது. 'புளூமர்' என்ற பெயர் அதற்கு முன்பே, 1851-லேயே, அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை அமெலியா புளூமர் அதை அணிந்து ஆதரித்து எழுதியதால் ஏற்பட்டது. கேலி தாங்காமல் அடங்கிப்போயிருந்த அந்த உடைக்கு மறுபடி உயிர் கொடுத்தது சைக்கிள்.

1893-ல் டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண், இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள், ஏறக்குறைய 190 கிலோமீட்டர், எட்டரை மணி நேரத்தில். ஆண்கள் ஓட்டும் சைக்கிள், கால்சட்டை. பத்திரிகைகள் அவள் வேகத்தைவிட அவள் உடையைப் பற்றித்தான் பொங்கி எழுதின. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆனி லண்டன்டெரி, மூன்று குழந்தைகளின் தாய், உலகம் சுற்றக் கிளம்பினார். கிளம்பும்போது நீளப் பாவாடையும் கனமான பெண்கள் சைக்கிளும். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் இது ஆகாது என்று புரிந்து, ஏறக்குறைய பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கும் புளூமருக்கும் மாறினார். நிறையத் தூரம் கப்பலில்தான் போனார், ஆனாலும் 1895-ல் சுற்றி முடித்துவிட்டார். இடையில் உடையை மாற்றியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. யார் என்ன சொல்வார்களோ என்று யோசித்திருந்தால் அந்தப் பயணம் சிகாகோவோடு நின்றிருக்கும்.

கேள்வி: டூர் டி பிரான்ஸில் முதலிடத்தில் இருப்பவருக்கு ஏன் மஞ்சள் ஜெர்ஸி? (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

பதில்: போட்டியை நடத்திய செய்தித்தாள் மஞ்சள் தாளில் அச்சானது, தம்பி. கூட்டத்தில் முன்னிலையில் இருப்பவர் பளிச்சென்று தெரியட்டும் என்று 1919-ல் கொண்டுவந்தார்கள். இத்தாலியின் ஜிரோ போட்டியில் அதே காரணத்துக்காக இளஞ்சிவப்பு, 1931 முதல். அங்கே பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு. மஞ்சளை முதலில் அணிந்தவர் யூஜின் கிறிஸ்தோஃப். 1913-ல் இதே போட்டியில், மலையில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை (ஃபோர்க்) முறிந்து, சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து இறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தானே உலையில் காய்ச்சி ஒட்டியவர் அவர். 1919-ல் மஞ்சள் ஜெர்ஸியோடு வெற்றிக்குப் பக்கத்தில் வந்தபோது மறுபடியும் அதே கவை முறிந்தது. அந்தப் போட்டியையும் இழந்தார். இதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

கேள்வி: இரவு வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிறேன். கண்ணைப் பறிக்கும் பச்சை நிற மேலாடை வாங்கினேன், சரிதானே?

பதில்: பகலுக்குச் சரி, இரவுக்கு அது மட்டும் போதாது. அந்தப் பளீர் நிறம் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கிறது. இருட்டில் அது வெறும் வெளிர்நிறத் துணி. இரவில் வேண்டியது, வண்டி விளக்கின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை. அதை முதுகைவிட முக்கியமாகக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போய்வருகிற இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததும் மிதிப்பது ஒரு மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று பிடிபடும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். வலது காலின் பட்டை பேன்ட்டைச் செயினிலிருந்தும் காப்பாற்றும்.

கேள்வி: நீண்ட தூரம் போனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கையுறை போட்டால் சரியாகுமா?

பதில்: ஓரளவு. அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடுகிறது, ஹேண்டில்பாரில் அது நசுங்குகிறது. அந்த ஓரத்தில் மெத்தை வைத்த கையுறை உதவும். அடிக்கடி பிடியை மாற்றுங்கள், எடை முழுவதையும் கையில் போடாதீர்கள். அப்படியும் மரத்தால் சைக்கிளின் அளவைச் சரிபார்க்க வேண்டும், வீடு வந்தும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மா, கார் இருந்தும் ஏன் சைக்கிள்? அப்படி என்னதான் கிடைக்கிறது?

பதில்: நடப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் அதே தூரத்தைக் கடந்துவிடலாம் என்பது ஒரு பதில், அது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் நான் போவது அதற்காக இல்லை. சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டபோது, பிடித்திருந்தவர் கையை விட்ட பிறகும் சைக்கிள் விழாமல் ஓடியதே, அந்த ஒரு கணம் ஒவ்வொரு காலையிலும் முதல் நூறு மீட்டரில் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. வெளிச்சம் முழுசாக வராத நேரம், டயர் தரையில் உரசும் சர்ரென்ற ஒலி, மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து கிர்கிர்ரென்று ஒரு சத்தம், நனைந்த மண் வாசனை ஒரு வளைவில் வந்து அடுத்த வளைவில் போய்விடும். காரில் இவை எதுவும் வராது, நடந்தால் இத்தனையும் ஒரே காலையில் வராது. அந்த நேரத்தில் உடம்பில் என்ன போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் உடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

கேள்வி: சைக்கிள் உடைகள் சீக்கிரம் தொய்ந்துவிடுகின்றன, வாடையும் போவதில்லை.

பதில்: துணி மென்மையாக்கும் திரவத்தை நிறுத்துங்கள், அது இழையின் மேல் படலமாகப் படிந்து வியர்வை வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே திருப்பி, வந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சூடுதான் லைக்ராவுக்கு எமன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 17 வயது. முதல் ஜெர்ஸி வாங்கித் தரப்போகிறேன். அளவு எப்படிப் பார்ப்பது?

பதில்: கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்க வைத்துப் பார்க்காதீர்கள், அப்படி நின்றால் நல்ல ஜெர்ஸிகூட முன்னால் குட்டையாகவும் கழுத்தில் பிடிப்பதாகவும் தோன்றும். சைக்கிள் மேல் உட்காருவது போலக் குனிந்து கையை நீட்டச் சொல்லுங்கள். முதுகுத் துணி இடுப்பைவிட்டு ஏறக் கூடாது, அக்குளில் இழுக்கக் கூடாது, வயிற்றில் மடிப்பு விழக் கூடாது. அப்புறம் அதே குனிந்த நிலையில், பார்க்காமல் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் நடுப் பையில் ஒரு கைக்குட்டையை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடிந்தால் அதையே வாங்கிவிடுங்கள். நிறத்தை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.