மூன்று வாரத்தில் மூன்று உணவு: பூனை வாந்தி எடுக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் பூனைக்கு நாலு வயது. பெண் பூனை, கருத்தடை செய்தாகிவிட்டது. இத்தனை நாளும் பால் சோறு, வாரம் இரண்டு நாள் மத்தி மீன் என்று சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தது. கோவையில் இருக்கும் மகள் போன மாதம் வந்தபோது ஒரு பெரிய பை உலர் உணவு வாங்கி வந்து, "இனிமேல் இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் நாளே வாந்தி. வேறு கம்பெனி உணவு வாங்கினேன், அதற்கும் வாந்தி. கடைக்காரர், "இது அலர்ஜி, தானியம் சேராத உணவு கொடுங்கள்" என்றார். அதையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, சாப்பிட்ட பத்து நிமிடத்தில் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. மற்றபடி ஓடி ஆடுகிறது. காதை மட்டும் கொஞ்சம் சொறிகிறது. பழைய சோற்றுக்கே திரும்பிவிடலாமா? (ஒரு தடவை வராந்தாவில் லிலியம் தொட்டி பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தது. அதைக் கடித்திருக்குமோ?)
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் மலையில் பசுமைக்குடில்களில் கொய்மலராக வளர்க்கிறார்களே, அந்த லிலியம் பூனைக்கு நஞ்சு. இலை, தண்டு, பூ மட்டுமல்ல, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். சில மணி நேரத்தில் வாந்தி, ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். உங்கள் பூனை மூன்று வாரமாக ஓடி ஆடுவதால் அதைத் தின்னவில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தொட்டி வீட்டில் வேண்டாம், இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பூனை இல்லாத வீடாகப் பார்த்து. ஓடைக்கரையில் தானாக வளர்ந்து கிடக்கும் வெள்ளைக் காலா லில்லி வேறு இனம். அதைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும், வாந்தியும் வரலாம், சிறுநீரகத்தைத் தொடாது.

சரி, உணவுக்கு வருவோம். ஒவ்வாமை என்ற சொல்லைக் கடையில் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். உடம்பு ஒரு புரதத்தை எதிரியாக நினைக்க வேண்டுமானால், அதை முன்பே பலமுறை சந்தித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்ட பொருளுக்குத்தான் பெரும்பாலும் ஒவ்வாமை வரும். பூனைகளில் அதிகம் பார்ப்பது மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவற்றின் புரதங்களுக்கு. தானியத்துக்கு வருவது குறைவு. அதனால் "தானியம் சேராதது" என்று பையில் அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்தது வீண் செலவு என்பது என் கருத்து. காதைச் சொறிவதை ஒவ்வாமைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் காதுக்குள் பாருங்கள். காப்பித்தூள் மாதிரி கருப்பாக ஏதாவது இருந்தால் அது காதுப் பூச்சி, மருந்து விட்டால் போய்விடும்.

எனக்குச் சந்தேகம் உணவின் மேல் இல்லை, மாற்றிய வேகத்தின் மேல். பால் சோறு தின்ற குடல் ஒரே ராத்திரியில் கொழுப்பும் புரதமும் செறிந்த உலர் உணவுக்குப் பழகாது. பழகுவதற்குள் நீங்கள் இரண்டாவது பையைப் பிரித்தீர்கள், அப்புறம் மூன்றாவது. இப்போது எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பத்து நிமிடத்தில் முழுசாக வருகிறது என்றீர்கள். அது எப்படி வருகிறது என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வயிறு குலுங்கி, குமட்டி, கஷ்டப்பட்டு வந்தால் வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், குனிந்ததும் குழாய் வடிவில் கொட்டினால் அது எதுக்களிப்பு, உணவு இரைப்பைக்கே போகவில்லை என்று அர்த்தம். செல்பேசியில் படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டுமே அவசர அவசரமாக விழுங்கினால் வரும். உலர் உணவு பூனைக்கு ரொம்பப் பிடிக்கும், மெல்லாமலேயே விழுங்கும். பூனையின் வயிறு சின்னது. தானாக வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நாம் இரண்டு வேளை குவித்து வைக்கிறோம்.

இன்னொன்று, கோத்தகிரி மூடுபனியில் பிரித்து வைத்த பை இரண்டே வாரத்தில் நமத்துப் போகும். கொழுப்பு காறிப்போய்ப் பூஞ்சையும் பிடிக்கும். பெரிய பை லாபம் என்பது கீழே சமவெளியில் செல்லும், இங்கே செல்லாது. ஒரு கிலோ பை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் உணவை வாங்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று நாளைக்குத் தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களையே உடைக்கும். பாலை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. இத்தனை வருடம் குடித்ததே என்பீர்கள். ஏற்கெனவே கலங்கிய குடலுக்கு அது கூடுதல் சுமை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். வாந்தி நின்றதும், மூன்று பைகளில் புதிதாகப் பிரித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கால் பங்கு அதுவும் முக்கால் பங்கு கறியுமாக மூன்று நாள், பாதிப் பாதியாக மூன்று நாள், முக்கால் பங்காக மூன்று நாள் என்று ஏற்றுங்கள். இடையில் வாந்தி வந்தால் ஒரு படி பின்னால் போய் நின்று, பிறகு ஏறுங்கள். முழுதாக மாறிய பின் நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் போதும். அகலத் தட்டில் பரப்பி, நடுவில் விழுங்க முடியாத அளவுக்கு ஒரு கூழாங்கல்லை வைத்தால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தின்னும்.

பழைய சோற்றுக்குத் திரும்பலாமா என்றால், வேண்டாம். பூனை கறி தின்னவே பிறந்த பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பதை 1987இல்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகள் சொன்னது சரிதான், அவசரப்பட்டதுதான் தப்பு.

இவ்வளவு செய்தும் மூன்று நான்கு வாரத்தில் நிற்காவிட்டால் அப்போது ஒவ்வாமையைப் பற்றி யோசிக்கலாம். குடற்புழு மருந்து கொடுத்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, பிறகு அது இதுவரை தின்றே இராத ஒரு கறியை மட்டும் கொடுத்துப் பார்ப்போம். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்கிறது, அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு முயல் கறி கிடைப்பது சுலபம். நீங்கள் பண்ணையில் சொல்லி வாங்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் புரதத்தை உடைத்துச் செய்த மருத்துவ உணவு உண்டு, விலை அதிகம். வயிற்றுக் கோளாறு என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரிந்துவிடும், தோல் அரிப்புக்கு எட்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பக்கத்து வீட்டு அக்கா போடும் மீன் தலையும் கணக்கில் வரும். சரியான பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, வாந்தி திரும்பினால்தான் அது ஒவ்வாமை என்று உறுதி.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் வாந்தி, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூடத் தங்காதது, மூலையில் போய் ஒளிவது என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் அப்படித்தான். பட்டினி போட்டால் வயிறு சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். பூனைக்கு அது ஆகாது, குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னாத வீடு குறைவு. கம்பளி நூலை விழுங்கிய பூனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். நாம் போடும் மாத்திரை எதுவும் வேண்டாம், குறிப்பாகப் பாராசிட்டமால். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

வாந்தி எடுத்த தேதி, நேரம், அதற்கு முன் தின்றது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறி, வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டு போவதாக இருந்தால் கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி, கூடையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டின் கொண்டை ஊசி வளைவில் எடுக்கிற வாந்தியை நோட்டில் சேர்க்க வேண்டாம்.